சட்டை பேசிக்கொண்டே இருக்கிறது

"ஆச்சி, இந்தச் சட்டை பேசிக்கிட்டே இருக்கு."

என் தம்பி என்னிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு வயது 31. (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) அயித்தை மகள் கல்யாணத்துக்காகச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் கூடியிருந்தோம். பட்டு வேட்டி, பிரித்துப் போட்ட புதுச் சட்டை, தோளில் சரிகைத் துண்டு. முகப்பில் நின்று வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், மேளம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் காணாமல் போனான். தேடிப் போனால், பின்கட்டில் அண்டாவும் குண்டானும் அடுக்கியிருந்த அறையில், சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெற்று முதுகைச் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். வெளியே ஒருவர், "படிச்ச பிள்ளை, நாலு பேர் முன்னால நிக்கத் தெரியலையே" என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.

அவனுக்கு ஆட்டிசம் இருப்பது அதற்கு நான்கு வருடம் முன்புதான் எங்களுக்கே தெரியும். அதுவரை வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம். துணி விஷயத்தில் அவன் படுத்திய பாட்டை நினைத்தால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. அவன் சொன்ன "பேசிக்கிட்டே இருக்கு" என்ற சொல்தான் எனக்கு விஷயத்தைத் திறந்து காட்டியது. மருத்துவர்கள் அரை மணி நேரம் விளக்கியது அதற்கப்புறம்தான் புரிந்தது.

கல்யாணமான புதிதில் மெட்டி ஒவ்வொரு அடிக்கும் தெரியும். பத்து நாளில் கால் அதை மறந்துவிடும். மெட்டி அங்கேயேதான் இருக்கும். உடம்பு செய்கிற இந்த மறதி ஒரு பெரிய வேலை. தோலுக்குள் இருக்கும் தொடுவுணர்வு நரம்பு முனைகளில் ஒரு வகை, தொடுகை மாறும்போது மட்டும் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிவிடும். இன்னொரு வகை, அழுத்தம் இருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படி வந்துகொண்டே இருக்கும் செய்தியை 'இது பழசு, ஆபத்தில்லை' என்று மூளை ஒதுக்கிவிடுவதால்தான் காலையில் போட்ட சட்டையை மாலைவரை நினைக்காமல் நாம் வேலை பார்க்க முடிகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை. காலை ஏழு மணிக்குப் போட்ட காலர், பதினோரு மணிக்கும் அப்போதுதான் போட்ட மாதிரியே கழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதை 2015-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கையிலும் இல்லாத பிள்ளைகளின் கையிலும் சொரசொரப்பான கம்பளித் துணியைத் தேய்த்து, கூடவே போக்குவரத்து இரைச்சலையும் ஒலிக்கவிட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்தபோது, இல்லாத பிள்ளைகளின் மூளை பழகி அடங்கியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில், குறிப்பாக உணர்வு மிகுதி உள்ளவர்களிடம், தொடுவுணர்வுப் பகுதியும் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவும் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. கம்பளியும் இரைச்சலும்! கல்யாண வீட்டில் பட்டும் மேளமும் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதிய கட்டுரையிலேயே, பட்டு, வெல்வெட், பஞ்சு ஆகியவற்றின் தொடுகையைச் சகிக்காத பிள்ளைகளைப் பற்றியும், புதுச் சட்டையின் சொரசொரப்பையும் ஒட்டுப்போட்ட காலுறையையும் தாங்காத பிள்ளைகளைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. (நாஜிக் காலத்தில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிப் பின்னாளில் கடுமையான கேள்விகள் எழுந்தன, அது தனிக் கதை.) இருந்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் புலனுணர்வு மிகுதியும் குறைவும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 70 வருடம். அந்த இடைவெளியில் வளர்ந்து ஆளானவர்கள்தாம் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள். அவர்களுக்கு யாரும் காரணம் சொல்லித் தரவில்லை. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று தங்களையே திட்டிக்கொண்டு கஞ்சி போட்ட சட்டைக்குள் அலுவலகம் போனார்கள்.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று தொடங்கும் ஒரு மொழிபெயர்ப்பைப் பார்க்கலாம். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். என் தம்பிக்குப் புற உலகம் இல்லாமல் இல்லை. அது அவன் கழுத்துப்பட்டியில், அக்குளில், இடுப்பு மடிப்பில் ஓயாமல் வந்து மோதிக்கொண்டிருக்கிறது.

சரி, துணிக்கு வருவோம். கடையில் பிரித்த புதுத் துணியில் எது குத்துகிறது என்று கேட்டால் நாம் 'புதுசு, அதான்' என்போம். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வான். முதலில் விறைப்பு. தறியில் ஏற்றும் முன் பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போடுவார்கள், நூல் உரசி அறுந்துவிடாமல் இருக்க. அதற்கு மேல் கடையில் மொடமொடப்பாகத் தெரிவதற்காக இன்னொரு பூச்சு. பல முறை துவைத்தால்தான் இவை போகும். அப்புறம் நூலின் தடிமன். 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் என்று வேட்டிக் கடையில் சொல்வது இதைத்தான். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. சட்டையின் உள்பக்கம் ஓவர்லாக் அடித்த விளிம்பு, அதுவும் நைலான் நூலில் அடித்திருந்தால், கைக்குழியில் ஒரு முள்வேலி. சரிகை என்றால் உலோகக் கம்பி அல்லது உலோகப் பூச்சுள்ள இழை சுற்றிய நூல். வெளியே மின்னும் புட்டாவின் உள்பக்கத்தில் வெட்டிவிட்ட நூல்முனைகள் நிற்கும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, போட்டிருப்பவர் தோலுக்குத் தெரியும். பீரோவில் வைத்த பட்டென்றால் பாச்சை உருண்டை வாசனை வேறு.

லேபிள் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைக் கத்தரியால் வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். வெட்டிக் கொடுத்த சட்டையையும் அவன் போட மாட்டான். 'அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன' என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். வெட்டிய லேபிளின் அடிப்பகுதி தையலுக்குள் மாட்டிக்கொண்டு, சவரம் செய்த மறுநாள் தாடி மாதிரி நறுக்கென்று நிற்கிறது. முழு லேபிளாவது வளைந்து கொடுக்கும். இந்த மிச்சம் கொடுக்காது. இப்போது ஊக்கு முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, லேபிளை முழுசாக உருவி எடுத்து, பிசிறு நூலை விரலால் தடவிப் பார்த்துப் பொறுக்குகிறோம். ஒரு சட்டைக்குப் பத்து நிமிஷம். வெட்டுவதற்குப் பத்து வினாடி. பல வருடச் சண்டை அந்த வித்தியாசத்தில் இருந்தது.

செட்டிநாட்டில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. இங்கே துணி என்பது முறை. யார் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன கட்டிக்கொண்டு போனார்கள் என்பது மரியாதைக் கணக்கில் ஏறும். அதிலும் நாளுக்கும் கிழமைக்கும் புதுத் துணி நனையாமல் இருக்க வேண்டும். 'நனைச்சா அது பழசு' என்பது வாதமே தேவையில்லாத வாக்கியம். புதுத் துணியைத் துவைத்துவிட்டுக் கட்டினால் அவனுக்கு வலி பாதி குறையும் என்று தெரிந்த பிறகும், ஒரு தீபாவளியில் எங்கள் ஆத்தா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அப்பத்தாதான் தீர்ப்புச் சொன்னார்கள். "துவைச்சுக் காயப்போட்டு, மூலையில மஞ்சளைத் தடவு. மஞ்சத் தடவுனாப் புதுசுதான்." அதோடு விவகாரம் முடிந்தது. சாத்திரம் தெரிந்தவர்களுக்கு இது உடன்பாடா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

அப்பத்தா இன்னொன்றும் சொன்னார்கள். பிறந்த பிள்ளைக்கு யாரும் புதுத் துணி போடுவதில்லை. பத்திருபது வருடம் கட்டிப் பழகிய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம், தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். தோலுக்குப் பழந்துணி நல்லது என்ற அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வளர்ந்தவர்களிலும் அப்படிப்பட்ட தோல் உண்டு என்று ஒத்துக்கொள்வதில்தான் நமக்குச் சிக்கல். இதைப் படித்துவிட்டு 'பாவம், இன்னும் குழந்தைதான்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவன் வீட்டு வரிக் கணக்கு முழுவதையும் பார்க்கிறவன்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. தேவாங்கர் நெசவாளர்கள் நெய்வது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறம், கட்டம், அகலக் கரை. தடித்த பருத்தி. புதிதில் அது மென்மையான சேலை என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் கைத்தறித் துணியில் காற்றுப் போகும், கட்டக் கட்ட, துவைக்கத் துவைக்க இளகிவரும். அப்பத்தாவின் 30 வருடக் கண்டாங்கி ஒன்றை இரண்டாக மடித்துத் தைத்துத் தம்பி போர்வையாக வைத்திருக்கிறான். அதன் கனம் அவனுக்குப் பிடிக்கும். மெல்லிசாக இருப்பது மட்டும் சுகம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கனம் விஷயத்தில்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள் நிறையத் தவறு செய்கிறார்கள். 'லூசா எதையாவது போடு' என்பார்கள். எறும்பு ஊர்ந்தால் துள்ளுகிறோம். யாராவது தலையை அழுத்திப் பிடித்துவிட்டால் கண் சொருகுகிறது. லேசான, நகர்ந்துகொண்டே இருக்கும் தொடுகை உடம்பை உசுப்பும், ஒரே சீரான அழுத்தம் அடக்கும். தொளதொளவென்ற சட்டை நடக்கும்போதெல்லாம் தோலில் உரசிக்கொண்டே இருப்பதால், சிலருக்கு இறுக்கமான பனியன்தான் நிம்மதி. ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், 1947-ல் பிறந்தவர், அத்தையின் பண்ணையில் மாடுகளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் அடைப்பைப் பார்த்துவிட்டுத் தனக்கே ஓர் அழுத்தும் கருவியைச் செய்துகொண்டார். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்துக்குப் போட்டுவிட்ட மொடமொடப்பான உள்பாவாடை தன்னை எப்படி வாட்டியது என்றும், புது உள்ளாடை பழக மூன்று நான்கு நாள் ஆகும் என்றும் எழுதியிருக்கிறார். உலகம் சுற்றி உரை நிகழ்த்தும் பேராசிரியர் அவர். புது உள்ளாடைக்கு நாலு நாள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இருக்கிறார், நாற்பதைத் தாண்டிய பிறகு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவர். உள்பாவாடை நாடாவை நாம் பார்த்தால் பயப்படும் அளவுக்கு இறுக்கிக் கட்டுவார். கொசுவத்தை ஊக்குப் போட்டு அசையாமல் வைப்பார். சேலையின் அந்தச் சுற்றும் இறுக்கமும் தன்னைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதாகச் சொல்வார். ஆனால் ரவிக்கைக் கை அவருக்கு நரகம். கைக்குழித் தையலுக்கும் தோலுக்கும் நடுவே வர, பழைய பருத்திப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதாவது தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி, அதன் மேல் ரவிக்கை போடுகிறார். மே மாதத்திலும். வகுப்பில் எட்டுப் பாடவேளை சிரித்த முகமாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சாயம் போன நைட்டிக்குள் புகுந்து ஒரு மணி நேரம் தரையில் படுத்திருப்பார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சில்லென்று வழுவழுப்பாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்த காலம் இருந்தது.

நைட்டியைப் பற்றித் தமிழ்நாட்டில் செய்யப்படும் கிண்டல் கொஞ்ச நஞ்சமில்லை. நான் கேட்கிறேன்: இடுப்பில் நாடா இல்லை, ஊக்கு இல்லை, கொக்கி இல்லை, துவைத்துத் துவைத்துப் பஞ்சான பருத்தி. தமிழ்ப் பெண்களுக்கு இதைவிடத் தோல் அறிந்த உடுப்பு வேறு எது கிடைத்திருக்கிறது? மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போவதற்கே ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆணுக்கு இங்கே அந்தத் தப்பிக்கும் வழி கௌரவமாகவே இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் வெற்று மார்போடு, பழைய வேட்டியும் தோளில் துண்டுமாகப் பெரியவர் உட்கார்ந்திருந்தால் அது பெரிய மனிதத் தோரணை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, நடப்பவர் சட்டை போடாததை யாரும் கவனிப்பதில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி இழைத்த சுவரில் முதுகைச் சாய்த்தால் வெயில் காலத்திலும் குளுமை. சில கோயில்களில் சட்டையைக் கழற்றத்தான் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தில் என் தம்பி போயிருக்கிறான். பழைய காவி வேட்டி, வெறுங்கால். சரளைக்கல் குத்துவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லேபிள் தாங்காதவன் சரளையில் நடக்கிறானே என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. கழுத்தும் உள்ளங்காலும் ஒரே அளவில் உணர வேண்டும் என்று சட்டம் இல்லை. சிலருக்குச் சில புலன்கள் மந்தமாகவும் இருக்கும்; அக்கினி நட்சத்திரத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பு சுடுவதும் தாகம் எடுப்பதும் நேரத்துக்குத் தெரியாமல் போகலாம். அவரிடம் ஸ்வெட்டரைப் பிடுங்குவதைவிடத் தண்ணீரை நினைவூட்டுவது உபயோகம்.

ஆக, எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினை பெண்களுக்கும், சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டிய ஆண்களுக்கும்தான் கூடுதல். திண்ணைப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இதே தோல் இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அலுவலகம் என்று வரும்போது இன்னொரு விஷயம் சேர்கிறது. கொண்டுவிற்ற, அதாவது வணிகம் செய்த, குடும்பங்களில் பேரேடு எழுதுவார்கள். அன்றைய கணக்கை முடித்து, பாக்கி இருந்தால் மறுநாள் பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலோர் உடம்பு இந்தச் சின்னச் சின்ன உறுத்தல்களை உடனுக்குடன் தள்ளுபடி செய்துவிடும். ஆட்டிசம் உள்ளவர் உடம்பு ஒன்று விடாமல் பற்று எழுதும்: காலர், டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து மேசைக்காரரின் சென்ட், வேர்வையில் ஒட்டிய பாலியஸ்டர். எல்லாவற்றையும் முகத்தில் காட்டாமல் சமாளிப்பது அதற்கு மேல் வட்டி. நாலு மணிக்கு ஒரு சாதாரணக் கேள்விக்கு அவர் எரிந்து விழுந்தால், கேட்டவருக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் தெரியும். நேற்று போட்ட சட்டையை இன்று போட முடியவில்லை என்பதும் இதனால்தான். சட்டை அதேதான், பாக்கி வேறு. ஒரே சட்டையை வாரம் முழுவதும் போடுகிறான் என்று என் தம்பியைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. ஒரே மாதிரி ஆறு சட்டை வைத்திருக்கிறான். பிடித்த ரகம் கிடைத்தால் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். அடுத்த முறை போனால் அதே பெயரில் அதே அளவில் துணியை மாற்றியிருப்பார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு. அரசு அலுவலகங்கள் தங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான தகவமைப்பு வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. சாய்தளம், கைப்பிடி என்று நம் கற்பனை அங்கேயே நின்றுவிடுகிறது. சீருடைத் துணிக்குப் பதில் அதே நிறத்தில் பருத்தி, டையிலிருந்து விலக்கு, காலர் இல்லாத சட்டை ஆகியவையும் அந்த வசதிக்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. காசு செலவே இல்லாத வசதி. ஆனால் கேட்பதற்கு முதலில் தன் நிலையை வெளியே சொல்ல வேண்டும். அந்த ஆசிரியை இதுவரை சொல்லவில்லை. 'பனியன் எனக்குப் பழகிப்போச்சு' என்கிறார். பழகவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கானாடுகாத்தான் கல்யாணத்தன்று நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவன் காரில் வந்தபோது போட்டிருந்த பழைய கதர்ச் சட்டையை எடுத்துவந்து கொடுத்து, மேலே சரிகைத் துண்டைக் கழுத்தில் படாமல் கையில் மடித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மாங்கல்யதாரணத்துக்கு வந்து நின்றான். போட்டோவில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வரும் தையில் சித்தி மகனுக்குப் பள்ளத்தூரில் கல்யாணம். பட்டு வேண்டாம், நூறாம் நம்பர் நூலில் நல்ல கரை வேட்டியாக எடுத்துவிட்டோம். பிள்ளையார் நோன்பு கழிந்த மறுநாளே தண்ணீரில் போட்டாச்சு. இதுவரை ஆறு முறை துவைத்திருக்கிறது, கஞ்சி இல்லாமல். நேற்று கொடியிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தடவை ஆச்சி" என்றான்.